பட்டவர் சொன்னால்தான் பட்டது

குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 102, உட்பிரிவு மூன்று: ஒரு பொருளைக் கைப்பற்றும் காவல் அலுவலர், அதைப் பற்றி உடனடியாக எல்லைக்குட்பட்ட நீதித்துறை நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ‘உடனடியாக’ என்றால் எவ்வளவு நேரம் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் 2006 ஐப்பசியில் பாளையங்கோட்டையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போனேன்.

ஓய்வு பெறும்வரை ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். காட்டுப்பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி கேட்கும் விவசாயி, தாத்தாவின் இரட்டைக் குழலைச் சுவரில் மாட்ட உரிமம் கேட்கும் பேரன் என்று எல்லா விதத்தையும் பார்த்தாயிற்று. என் மகள் அகிலா ஞாயிற்றுக்கிழமைதோறும் சவுக்குத் தோப்பில் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துக் கிடக்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. நாவலூரில் கணினி வேலை, கடற்கரைப் பக்கம் தோழிகளோடு வாடகை வீடு, வார விடுமுறையில் ‘கேம்’ என்று சொல்லியிருந்தாள். இறகுப் பந்து என்று நினைத்துக்கொண்டேன். ஏட்டு ஒருவர் துப்பாக்கிகளை எடுத்துப்போன பிறகுதான் தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள்.

செங்கல்பட்டில் இறங்கும்போது விடிந்தும் விடியாமலும் இருந்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு ரயில் நிலையத்தில் காபி வாசனை வரும். இங்கே மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் வியர்வை வாசனை. எல்லோரும் எதையோ தவறவிடப் போகிறவர்கள் போலவே ஓடினார்கள். பெட்டியோடு நின்ற என்னைச் சுற்றிக்கொண்டு போனது கூட்டம். தூண் என்று நினைத்திருப்பார்கள்.

அழைத்துப்போக ஜோசப் வந்திருந்தான். அகிலாவின் குழுவில் ஒருவன். நிலையத்துக்குப் பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். வணக்கம் சொல்லிவிட்டு, “மொதல்ல நாஸ்தா துன்னுட்லாம் சார்” என்றான். இட்லிக்கு வடகறி வந்தது. மிஞ்சிய வடையை மசாலாவில் மூழ்கடிக்கும் யோசனை யாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர்தான் தொண்டையில் நின்றது. தாமிரபரணி குடித்து வளர்ந்தவனுக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் மருந்து.

சாப்பிட்டதும் கடைக்குக் கூட்டிப்போய் ஆட்டத்தை விளக்கினான். பெயர் ஏர்சாஃப்ட். துப்பாக்கி பார்வைக்கு அசலேதான். உள்ளே இருப்பது மோட்டார், பற்சக்கரம், பேட்டரி. வெளியே வருவது காய்ந்த பட்டாணி அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டு. பட்டால் சுருக்கென்று இருக்கும், தடம் நிற்காது. சிங்கப்பூர், ஹாங்காங் போய்வரும் நண்பர்கள் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருகிறார்கள். ரிப்பேர் ஜோசப்பிடம்.

“கிரைண்டருக்குள்ள இன்னா கீதோ அதேதான் சார் இதுக்குள்ளயும். கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி போட்டுப் பார்த்தோம், வேர்வைல ஆவி புடிச்சுக்கும், எதிராளி எவன் மரம் எதுன்னு தெரியாது. அப்பால மாவு சல்லடைய வெட்டி நானே மொகமூடி செஞ்சேன். இப்ப எல்லாருக்கும் சல்லடைதான்.”

ஆடுகிறவர்களில் மூன்று வகை உண்டென்றான். “ஒண்ணு போட்டோ பார்ட்டி. பூட்சு, பெல்ட்டு, பை எல்லாம் மாட்டிகினு நிப்பான், ஓடச் சொன்னா மூச்சு வாங்கும். ரெண்டாவது, தண்ணி லாரி. குழாயத் தொறந்துட்டா மூட மாட்டான், டர்ருன்னு வுட்டுகினே இருப்பான். மூணாவது, உங்க பொண்ணு மாதிரி. ஒரே ஒரு குண்டு. அதுக்கு அரை மணி நேரம் எறும்புக் கடி தாங்கும்.”

அகிலாவுக்குக் கை குட்டை. அவளுடைய துப்பாக்கியின் கட்டையை அறுத்துச் சின்னதாக்கி, கன்னம் படும் இடத்தில் தோல் ஒட்டிக் கொடுத்தவன் இவன்தான். அதைச் சொல்லும்போது, செய்துமுடித்த நகையைப் பற்றிப் பேசும் ஆசாரியைப் போல விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான்.

“சரி, ஏட்டு விஷயத்துக்கு வாப்பா” என்றேன்.

“நாங்க ரெண்டு டீமு சார். ஒண்ணு பச்சை சட்டை. இன்னொண்ணு காக்கி.”

“காக்கி எதற்கு?”

“சவுக்குத் தோப்புல தரைய பாத்துக்கீறீங்களா? காஞ்ச சருகு, அப்டியே காக்கி கலரு. படுத்தா ஆளே தெரியாது. மிலிட்டரி டிசைன் துணி வாங்கலாம்னுதான் பாத்தோம். எங்கப்பா ஏதோ செக்‌ஷன் சொல்லுவாரு, உள்ள தள்ளிருவாங்கன்னு அகிலாதான் வாணாம்னிச்சு.”

இந்திய தண்டனைச் சட்டம், நூற்று நாற்பது, படைவீரரின் உடை. சொன்னது நான்தான். கையோடு நூற்று எழுபத்தொன்று, அரசு ஊழியரின் உடை, அதையும் சொல்லியிருந்தால் இந்தப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

நடந்தது இது. தோப்பில் துப்பாக்கியோடு ஆட்கள் திரிகிறார்கள் என்று மீனவர் குப்பத்தில் யாரோ சொல்ல, தலைமைக் காவலர் தனசேகர் மொபெட்டில் தனியாக வந்திருக்கிறார். கிளைகள் தட்டுகின்றன என்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்திருக்கிறார். காக்கி. மரத்துக்குப் பின்னால் பச்சைச் சட்டையில் அகிலா. ஒரே குண்டு. “ஹிட்! கையைத் தூக்குங்க! செத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம்!”

முகம் தெரியாத சல்லடைக்குள்ளிருந்து, நீண்ட துப்பாக்கியோடு, ஒரு குரல். தனசேகர் கையைத் தூக்கிவிட்டார்.

“செத்தவங்க மூலைல நான் முன்னாடியே குந்திகினு இருந்தேன் சார். கூட ரெண்டு பேரு. செத்தவன் தலைல செவப்புத் துணி போட்டுக்கணும், அதான் ரூல்ஸ். இவரு வந்தாரு, ஒரு துணி எடுத்துக் குடுத்தேன், போட்டுகினாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. விசிலு அடிக்கிற வரைக்கும் வாயே தொறக்கல. அப்பாலதான், யாரு அண்ணாத்த நீ, புது மெம்பரான்னு கேட்டேன்.”

“யார், நீயா கேட்டாய்?”

“நானேதான் சார்” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ஏட்டு கையில் கிடைத்த நான்கு துப்பாக்கிகளும் நிலையத்துக்குப் போய்விட்டன. வழக்கு இல்லை, ரசீது இல்லை. ஆனால் அகிலாவின் பாஸ்போர்ட் விசாரணைத் தாள் அதே நிலையத்தில், அதே ஏட்டின் மேசையில் கிடந்தது. கம்பெனி அவளை ஜப்பானுக்கு அனுப்புகிறது. கார்த்திகை முடிவதற்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். நான்கு வருடமாக அவள் காத்திருந்த இடம்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினேன். குன்றத்துக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி இஞ்சினைப் பார்த்தார். நடத்துநர் இறங்கி ஓட்டுநரைப் பார்த்தார். நாங்கள் இறங்கி மலையைப் பார்த்தோம். உச்சிக் கோயிலுக்கு நாள் தவறாமல் வந்து பொங்கல் சாப்பிட்டுப் போன கழுகுகள் சில வருடங்களாக வருவதில்லையாம். விடுப்பு விண்ணப்பம் ஏதும் கொடுத்ததாகத் தகவல் இல்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாள் யாரிடமோ கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தார்: “வந்துகினே கீறேன்டி! வண்டிதான் வரல, நான் வந்துகினுதான் கீறேன்!” அந்த ஊரில் நான் கேட்ட மிகத் துல்லியமான நிலை அறிக்கை அது.

நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு நிலையம், போதும். உதவி ஆய்வாளர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். பீரோவின் மேல் பழைய வேட்டியில் சுற்றிய நான்கு நீளப் பொட்டலங்கள். ஒன்றின் நுனியில் தோல் ஒட்டிய கட்டை எட்டிப் பார்த்தது.

“கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் நகல் வேண்டும்” என்றேன்.

“எந்தப் பொருள் சார்?”

விரலை நீட்டினேன்.

“அது பொம்மை சார்.”

“பொம்மையானால் திருப்பிக் கொடுத்துவிடலாமே.”

“பொம்மையா, நெஜமான்னு லேபுதான் சார் சொல்லணும்.”

“லேபுக்கு அனுப்ப வழக்கு எண் வேண்டும்.”

“வழக்கே இல்லையே சார்” என்று சிரித்தார். முப்பது வருடம் நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. பாஸ்போர்ட் தாளைப் பற்றிக் கேட்டேன். “ஏட்டு பார்த்துகினு கீறாரு” என்றார். மூலை மேசையில் தனசேகர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், சுவரை.

வெளியே வந்து பஜ்ஜி சாப்பிட்டேன். வாழைக்காய் நன்றாக இருந்தது, எண்ணெய்க்குத்தான் வயதாகிவிட்டது. கை சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே செங்கல்பட்டு திரும்பி, காவல்துறை மேலதிகாரி ஒருவரின் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பிரிவு 102, உட்பிரிவு மூன்று, நடுவருக்குத் தகவல் இல்லை, மகஜர் இல்லை, பொருள் படைக்கலச் சட்டத்தின் வரம்புக்குள் வருமா வராதா என்று தெளிவுபடுத்தக் கோரி. என் ஆயுளில் எழுதிய மனுக்களில் பிழையே இல்லாதது அதுதான்.

அகிலாவின் வீட்டுக்குப் போய் அதை வாசித்துக் காட்டினேன். சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏம்ப்பா கேஸ் போடலன்னு யோசிச்சீங்களா?”

“சோம்பல்.”

“கேஸ் போட்டா என்ன நடந்ததுன்னு எழுதணும். ஏட்டு கையைத் தூக்கினதை எழுதணும். செவப்புத் துணி போட்டுக்கிட்டு உக்காந்ததை எழுதணும். அதனாலதான் அவர் எதையுமே எழுதல. நீங்க இப்ப அவரை எழுத வைக்கப் போறீங்க. எழுதினா நான் அக்யூஸ்டு. அப்புறம் பாஸ்போர்ட் எங்கேருந்துப்பா வரும்?”

மீன் கருகும் வாசனை வந்தது. அடுப்பை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

காலையில் முதல் பேருந்தைப் பிடித்து மனுவைத் திரும்பப் பெறப் போனேன். அது நடுவழியில் நின்றுவிட, ஷேர் ஆட்டோ ஏறி, அதில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அரை உடம்போடு தொங்கிக்கொண்டு போனேன். தபால் பிரிவில் இருந்தவர் சம்படத்தைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து குடுத்த மனுவா? இன்னும் நம்பர் விழல பெரியவரே.”

“நல்லதாகப் போயிற்று. அப்படியே கொடுத்துவிடுங்கள்.”

“நம்பர் விழுந்தாத்தான் வாபஸ் வாங்க முடியும். நம்பர் இல்லாத மனுவ எப்படி வாபஸ் தருவேன்? அப்பால நம்பரு இன்னாச்சுன்னு மேல கேப்பாங்க.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நம்பர் எப்போது விழும் என்று கேட்டேன். ஊறுகாயை நக்கிவிட்டு, “மழைக்கு அப்பால” என்றார்.

மழை தொடங்கியது. அடுத்த சில நாட்கள் மாமல்லபுரத்தில் வேலை ஏதுமில்லாமல் அலைந்தேன். தெருவெல்லாம் உளிச் சத்தம். வெள்ளைக்காரர்கள் குடைபிடித்து ரதங்களைச் சுற்றினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பேரலையின் அடையாளம் சில சுவர்களில் இன்னும் கோடாக இருந்தது. நான் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நிலையத்தைக் கடந்து போனேன். என் மனு எனக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்துவிட்டதா என்று சன்னல் வழியாகப் பார்ப்பேன். தபால்காரரைக் கண்டால் பின்னாலேயே நிலையம் வரை நடந்தேன். இப்படி ஒரு நிலை எனக்கு வந்ததில்லை. என் கையெழுத்துப் போட்ட தாள் போய்ச் சேரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் தல சயனப் பெருமாளிடம். அவர் தரையில் படுத்திருக்கிறார், அவசரப்படுகிறவராகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நானும் அகிலாவும் ஜோசப்பும் நின்றோம். ஏட்டு டீ குடிக்க வருவார் என்று அகிலா சொன்னாள். வந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். அந்த நேரத்தில் மீன் கூடையோடு போன ஒரு பெண் அவரைப் பார்த்து, கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கூட வந்தவள் சிரித்தாள்.

தனசேகர் அப்படியே நின்றார். பிறகு எங்களிடமே வந்தார்.

“பாத்தியாம்மா? பாத்தியா?” அகிலாவைப் பார்த்துத்தான் கேட்டார். “டெய்லி இதே பேஜாரு. மார்க்கெட்டுக்குப் போனா கைய தூக்குதுங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னா கைய தூக்குதுங்க. நேத்து கோயில்ல சாமிக்குக் கைய தூக்கிக் கும்பிடுறேன், பின்னாடி எவனோ ஹிட்டுங்கறான். எனக்கு ரிட்டயர்மென்ட் வரப்போவுது. இதோட வூட்டுக்குப் போவணுமா?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அகிலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டையா, எங்க ஆட்டத்துல அம்பயர் கிடையாது.”

“அதுக்கு?”

“குண்டு பட்ட அடையாளம் எதுவும் இருக்காது. யார் மேல பட்டதோ அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பட்டதுன்னு சொன்னாத்தான் பட்டது. படலன்னா படல. சுட்டவங்க கத்தினாலும் அது கணக்கில்ல. பாத்தவங்க சொல்றதும் கணக்கில்ல.”

“பொய் சொன்னா?”

“கேக்க மாட்டோம். அதுதான் ரூல்ஸ்.”

“எவன் சொன்னாலும் நம்பிடுவீங்களா?”

“நம்பித்தான் ஆகணும். இல்லன்னா ஆட்டமே இல்ல.”

தனசேகர் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சாட்சி, மகஜர், தடயம் என்று வாழ்ந்த மனிதர். நானும்தான். பட்டவனுடைய வாயை மட்டும் நம்பி ஒரு கூட்டம் ஞாயிறுதோறும் வெயிலில் ஓடுகிறது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் விழுங்கிக்கொண்டிருந்தோம்.

“கைய தூக்குனது?” என்றார் மெதுவாக.

ஜோசப் முந்திக்கொண்டான். “அடி படாத ஆளு கைய தூக்கிகினு நேரா எங்க கூட்டத்துக்குள்ள வந்து குந்துனா இன்னா அர்த்தம் ஏட்டையா? உள்ள பூந்து எல்லாரையும் கையும் களவுமா புடிச்சீங்கன்னு அர்த்தம். எங்கூட தண்ணி குடிச்சீங்க, நான் ஏமாந்துட்டேன். இத நானே குப்பத்துல போய்ச் சொல்றேன். எல்லாரும் என்னைத்தான் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போட்டும்.”

தனசேகர் கடலைப் பார்த்தார், நிலையத்தைப் பார்த்தார், கடைசியில் தன் சட்டையின் மார்பைப் பார்த்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் குண்டு பட்ட இடத்தைத் தடவிக்கொண்டார்.

“படல” என்றார்.

“சரி ஏட்டையா” என்றாள் அகிலா. அவள் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. அரை மணி நேரம் எறும்புக் கடி தாங்குகிற முகம்.

“பட்டாணி மாதிரி ஏதோ பறந்துச்சு. ஆனா சட்டைல படல.”

“சரிங்க ஏட்டையா.”

கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பியவர் நின்றார். “அப்ப பீரோ மேல கீறது?”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. படவில்லை என்றால் சம்பவம் இல்லை. சம்பவம் இல்லை என்றால் கைப்பற்றலும் இல்லை. கைப்பற்றாத பொருளைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. நான் நாற்பது பக்கம் வாதாடியிருப்பேன்.

“எது ஏட்டையா?” என்றாள் அகிலா.

ஜோசப், “அகிலா, உன் கட்ட...” என்று ஆரம்பித்தான். அவள் தலையை லேசாக ஆட்டினாள். அவன் நிறுத்திக்கொண்டான். தனசேகர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாலையைக் கடந்தார். போகும்முன் டீக்குக் காசு கொடுக்க ஜோசப்பை விடாமல் தானே கொடுத்திருந்தார்.

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அகிலா, “அந்தக் கட்டையில என் கன்னம் அப்படியே பொருந்தும்ப்பா” என்றாள்.

அந்த வாரமே விசாரணைத் தாள் கையெழுத்தாகிவிட்டது என்று ஜோசப் சொன்னான். எனக்குத் தூக்கம் வரவில்லை. மனு இன்னும் எங்கோ நம்பருக்காகக் காத்திருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் தினமும் அகிலாவைக் கூப்பிட்டு, “ஏதாவது வந்ததா?” என்பேன். “பாஸ்போர்ட்டா, உங்க மனுவா?” என்பாள். கார்த்திகை தீபத்துக்கு அடுத்த வாரம் பாஸ்போர்ட் வந்தது. மார்கழியில் மீனம்பாக்கத்தில் வழியனுப்பினேன். ஜோசப் ஒரு புதுச் சல்லடை முகமூடி கொண்டுவந்திருந்தான், ஓரத்தில் தோல் ஒட்டி. சோதனைக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையல் சாமான் என்று உள்ளே விட்டார்கள்.

ஜப்பானில் துப்பாக்கி வாடகைக்கே கிடைக்கிறதாம், ஆடுவதற்கென்றே காடு விட்டிருக்கிறார்களாம். முதல் ஞாயிறே மூன்று முறை பட்டது என்று தொலைபேசியில் சிரித்தாள். யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றாள். வாடகைத் துப்பாக்கி கன்னத்தில் பொருந்தவில்லை என்றும் சொன்னாள்.

என் மனுவுக்குப் பதில் பாளையங்கோட்டை வீட்டுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. எண் விழுந்திருந்தது. பார்வையில் கண்ட மனு தொடர்பாகச் சம்பந்தப்பட்ட நிலையத்தில் அறிக்கை பெறப்பட்டதென்றும், மனுதாரர் குறிப்பிடும் சம்பவம் ஏதும் நிகழவில்லை என்றும், அவர் கூறும் பொருள் எதுவும் எவரிடமிருந்தும் கைப்பற்றப்படவில்லை என்றும், எனவே மனு முடிக்கப்படுகிறது என்றும் இருந்தது. பிழையே இல்லாத பதில். இரண்டு முறை படித்தேன். மேல்முறையீட்டுக்கு இடமிருந்தது, எந்தப் பிரிவில் என்பதும் தெரியும். பேனாவை எடுத்து, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, கீழே பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை.